வர்த்தமானிக்கும் வயலுக்கும் நடுவில்: நிறைவேற்றதிகாரத்துக்கு ஏன் கடிவாளம் வேண்டும்?

2021 மே 6 ஆம் திகதி இலங்கையில் ஓர் அதிவிசேட வர்த்தமானி (அரசிதழ்) வெளியானது. இரசாயனப் பசளையும் விவசாய இரசாயனங்களும் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்பதே அதன் சாரம். பத்து ஆண்டுகளில் படிப்படியாகச் செய்வோம் என்று அன்றைய ஜனாதிபதியின் 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொல்லப்பட்ட காரியம் ஒரே போகத்துக்குள் செய்யப்பட்டது. கிழக்கில் படுவான்கரையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் அந்தப் பெரும்போகத்தில் வெள்ளாமை செய்தவர்களுக்கு மீதி தெரியும். கிளைவிட்டுக் கரும்பச்சை பிடிக்க வேண்டிய நாட்களில் பயிர் மஞ்சளாய் நின்றது. நாடு முழுவதையும் எடுத்தால், 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது.

இரசாயனப் பசளை நல்லதா, சேதனப் (இயற்கைப்) பசளை நல்லதா என்று இங்கே விவாதிக்கப் போவதில்லை. நான் கேட்பது வேறு. அந்த முடிவை எடுத்தவர்களிடம் “கொஞ்சம் பொறுங்கள்” என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது? அந்த யாரோ ஒருவர் ஏன் அதைச் சொல்லவில்லை? உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கும் பிள்ளைக்கும், கமநல சேவை நிலையத்து வாசலில் வரிசையில் நின்ற விவசாயிக்கும் இது ஒரே கேள்விதான். அதற்கு விடை தேடிப் போனால், வழியில் சீனக் கப்பலும் இந்திய விமானமும் அமெரிக்கச் சுங்க வரியும் குறுக்கே வரும். அது ஏன் என்பதை முடிந்தவரை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

நிறைவேற்றதிகாரம் என்றால் என்ன?

அரசின் வேலையைப் பாடப் புத்தகம் மூன்றாகப் பிரிக்கும். சட்டம் ஆக்குவது பாராளுமன்றம். அதை நடைமுறைப்படுத்துவது ஜனாதிபதியும் அமைச்சரவையும் அவர்களுக்குக் கீழுள்ள திணைக்களங்களும். பிணக்கு வந்தால் தீர்ப்பது நீதிமன்றம். இந்த மூன்றில் நடுவில் நிற்பதே நிறைவேற்றுத்துறை. படை, பொலிஸ், திறைசேரி, அதிகாரிகள் எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. ஆகவே மூன்றிலும் பலம் கூடியதும் அதுதான், வேகம் கூடியதும் அதுதான். வேகம் தேவையான ஒன்றுதான். வெள்ளம் வந்து கல்லடிப் பக்கம் தண்ணீர் ஏறும்போது பாராளுமன்றம் கூடி விவாதிக்கும்வரை யாரும் காத்திருக்க முடியாது.

ஆனால் வேகமாகச் செய்யும் கையும், என்ன செய்வதென்று தீர்மானிக்கும் வாயும், செய்தது சரியா என்று பார்க்கும் கண்ணும் ஒரே ஆளுக்கு இருக்கக்கூடாது. எங்கள் வட்டைகளில் (வயல்வெளிகளில்) இது புதிய விஷயமல்ல. வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட வட்டவிதானை இருக்கிறார். அவர் இல்லாமல் வயல் வேலை நடக்காது. ஆனாலும் குளம் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பவற்றை அவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. போக ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளும் நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் இருந்து, அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் முடிவெடுக்கிறார்கள். முடிவு எழுத்தில் பதியப்படும். வட்டவிதானையும் அதற்குக் கட்டுப்பட்டவர். நாட்டின் தலைவருக்குக் கடிவாளம் என்று சொல்வதும் இதைத்தான்: தீர்மானிப்பவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர், கணக்குக் கேட்பவர் இன்னொருவர்.

இலங்கையில் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அந்தப் பதவியின் அதிகாரத்தைக் குறைப்பதும் கூட்டுவதுமாகவே திருத்தங்கள் வந்துள்ளன. 2001 இல் 17 ஆவது திருத்தம், உயர் நியமனங்களுக்குப் பரிந்துரையோ ஒப்புதலோ தரும் அரசியலமைப்புப் பேரவையையும் சுயாதீன ஆணைக்குழுக்களையும் தந்தது. 2010 இல் 18 ஆவது அவற்றை வலுவிழக்கச் செய்து, இரண்டு தவணை என்ற வரம்பையும் எடுத்தது. 2015 இல் 19 ஆவது மீண்டும் கட்டியது, 2020 இல் 20 ஆவது மீண்டும் அவிழ்த்தது, 2022 ஒக்டோபரில் 21 ஆவது திரும்பவும் ஓரளவு கட்டியது. பசளைத் தடை வந்த ஆண்டைக் கவனியுங்கள். 20 ஆவது திருத்தம் நிறைவேறி ஓராண்டுகூட ஆகவில்லை. தடை அந்தத் திருத்தத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஆனால் ஆணைக்குழு உறுப்பினரும் நீதியரசரும் உயர் அதிகாரியும் ஒருவரின் விருப்பத்தால் நியமிக்கப்படும் காலத்தில், அறையில் இருப்பவர்கள் “வேண்டாம்” என்று சொல்வது அரிது.

முன்னால் பிடிக்கும் கடிவாளம், பின்னால் பிடிக்கும் கடிவாளம்

தொடக்க நிலையில் படிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த வேறுபாட்டைத்தான். கட்டுப்பாடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அது எப்போது வேலை செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைச்சர் ஓர் ஒழுங்குவிதியை வர்த்தமானியில் வெளியிட்டால் அது அன்றே நடைமுறைக்கு வரும். பிறகுதான் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குப் போகும். பாராளுமன்றம் மறுத்தால் விதி நீங்கிவிடும், ஆனால் அதற்கிடையில் அதன் கீழ் நடந்தவை நடந்தவைதான். பசளைக் கப்பல் வரவேண்டிய மாதத்தில் வராமல் போனால், பிறகு கையுயர்த்தி வாக்களித்து அந்த மாதத்தைத் திருப்பித் தர முடியாது. ஐப்பசியில் விதைத்த நெல் கார்த்திகையில் யூரியா கேட்கும். பங்குனியில் வரும் தீர்ப்பு அதற்கு உதவாது. அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கான விசேட வியாபாரப் பண்ட வரியும் இதே வழியில், 2007 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ், வர்த்தமானியால் ஏறி இறங்குகிறது. அறுவடை நேரத்தில் இறக்குமதி அரிசியின் வரி மாறினால் அம்பாறையில் ஒரு மூடை நெல்லின் விலை ஆடுவது இதனால்தான்.

முன்னால் பிடிக்கும் கடிவாளத்துக்கு நல்ல உதாரணம் கொழும்புத் துறைமுக நகரச் சட்டமூலம். சீன நிறுவனமொன்றின் முதலீட்டில் கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டேயர் நிலத்துக்கான சட்டம் அது. இலங்கையில் ஒரு சட்டம் நிறைவேறிய பிறகு அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றத்தில் வாதாட முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, அது பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிக் குறித்த நாட்களுக்குள், எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்; 2021 இல் அது ஒரு வாரம், 2022 இன் 21 ஆவது திருத்தத்துக்குப் பிறகு 14 நாட்கள். அந்தக் காலம் தவறினால் கதவு மூடிவிடும். 2021 ஏப்ரலில் பலர் அந்த ஒரு வாரத்தைத் தவறவிடாமல் போனார்கள். பல வாசகங்கள் அரசியலமைப்போடு முரண்படுகின்றன, சிலவற்றுக்கு மக்கள் தீர்ப்பும் (சர்வசன வாக்கெடுப்பும்) வேண்டும் என்றது நீதிமன்றம். அரசாங்கம் திருத்தங்களோடுதான் மே 20 ஆம் திகதி அதை நிறைவேற்றியது. முதலில் எழுதப்பட்டதும் கடைசியில் சட்டமானதும் ஒன்றல்ல. அதே மாதத்தில்தான் பசளை வர்த்தமானியும் வந்தது. சட்டமூலமாக வந்த துறைமுக நகரத்துக்கு முன்னால் ஒரு வாசல் இருந்தது. ஒழுங்குவிதியாக வந்த பசளைத் தடைக்கு அந்த வாசல் இல்லை.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்கு இட்டுச்சென்ற முடிவுகளால் முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் முன்னாள் நிதியமைச்சரும் மத்திய வங்கி, திறைசேரி உயர் அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. வரலாற்றில் நிற்கும் தீர்ப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் அது நெருக்கடி வந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு வந்தது.

உலகப் போட்டி இதற்குள் எப்படி வருகிறது?

இரண்டு வழியில் வருகிறது.

முதலாவது: போட்டி கூடும்போது எல்லா நாட்டுத் தலைவர்களும் “அவசரம்” என்கிறார்கள். எதிராளி வேகமாக ஓடுகிறான், நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தால் தோற்றுவிடுவோம், ஆகவே அதிகாரத்தை என்னிடம் தாருங்கள் என்பது அந்த வாதம். அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே சுங்க வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் முதலாவது உறுப்புரை காங்கிரசுக்கே கொடுத்திருக்கிறது. 1930 இல் காங்கிரஸ் அதைப் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான பொருட்களின் வரியைக் கூட்டியது, மற்ற நாடுகள் பதிலுக்குக் கூட்டின, உலக வர்த்தகம் சுருங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு 1934 இலிருந்து காங்கிரஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் அதிகாரத்தை ஜனாதிபதியிடம் ஒப்படைத்தது. வரியைக் குறைத்துப் பேரம் பேசுவதற்கே முதலில் கொடுத்தது. 1962 ஆம், 1974 ஆம் ஆண்டுச் சட்டங்கள் இன்னும் கொடுத்தன. 1977 இல் வந்த அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம், ஜனாதிபதியின் அவசரகால அதிகாரத்துக்கு வரம்பு போடும் நோக்கத்தோடு பிறந்தது.

அந்தச் சட்டத்தையே எடுத்து 2025 ஏப்ரல் 2 ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் ஏறத்தாழ உலகம் முழுவதற்கும் வரி அறிவித்தார். இலங்கைக்கு 44 வீதம். ஒரு வாரத்தில் அது 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டு 10 வீதமானது. ஜூலையில் 30 என்று கடிதம் வந்தது. ஓகஸ்டில் 20 என்று முடிந்தது. இதற்கிடையில் சீனாவுடனான போட்டியில் அமெரிக்க வரி 145 வீதத்துக்கும் சீன வரி 125 வீதத்துக்கும் ஏறின. சில அருமண் கனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு போட்டது.

எங்கள் ஊரில் இதன் பொருள் என்ன? இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் பெரும் பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஏறாவூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலோ கட்டுநாயக்காவிலோ தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கு ஓவர்டைம் கிடைக்குமா, அடுத்த மாதம் ஓடர் வருமா என்பது நான்கு மாதங்களில் நான்கு தடவை மாறிய ஓர் எண்ணில் தொங்கியது. அந்த எண்ணை அமெரிக்கப் பாராளுமன்றம் வாக்கெடுத்துத் தீர்மானிக்கவில்லை.

அங்கே கடிவாளம் நீதிமன்றத்திலிருந்து வந்தது. சிறு இறக்குமதி நிறுவனங்களும் கல்வி விளையாட்டுப் பொருள் விற்கும் ஒரு குடும்ப நிறுவனமும் வழக்குப் போட்டன. 2025 மே மாதத்தில் சர்வதேச வர்த்தக நீதிமன்றமும், ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஜனாதிபதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2026 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் 6 க்கு 3 என்ற கணக்கில், அந்த 1977 ஆம் ஆண்டுச் சட்டம் வரி விதிக்க அதிகாரம் தரவில்லை என்றது. உடனே ஜனாதிபதி 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேறொரு பிரிவைக் கையில் எடுத்தார். அந்தப் பிரிவில் வரி 15 வீதத்தைத் தாண்ட முடியாது, 150 நாட்களுக்கு மேல் நீடிக்கக் காங்கிரசின் சம்மதம் வேண்டும். எண்ணுக்கும் எல்லை, காலத்துக்கும் எல்லை. சட்டம் எழுதும்போதே முன்னால் போட்ட கடிவாளம் இப்படித்தான் இருக்கும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர ஏறத்தாழ பதினொரு மாதம் எடுத்தது. அந்தப் பதினொரு மாதமும் வரி வசூலானது.

இரண்டாவது வழி எங்களைப் போன்ற சிறிய நாட்டுக்கு இன்னும் முக்கியமானது. கடிவாளம் இல்லாத இடத்தில் பெரிய நாடுகளின் போட்டி நேராக உள்ளே வந்துவிடும். இதைச் சொல்ல அந்தக் கப்பலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

ஹிப்போ ஸ்பிரிட்

இரசாயனப் பசளையை நிறுத்திய அரசாங்கத்துக்குச் சேதனப் பசளை அவசரமாகத் தேவைப்பட்டது. உள்நாட்டில் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே சீன நிறுவனமொன்றிடம் கடற்பாசி சார்ந்த சேதனப் பசளைக்கு ஓடர் போனது. 20,000 தொன் ஏற்றிக்கொண்டு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் 2021 செப்டெம்பரில் புறப்பட்டது.

மாதிரிகளைத் தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை பரிசோதித்தது. பயிருக்குத் தீங்கான பக்டீரியாக்கள் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. 1999 ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அப்படிப்பட்ட பொருளை இறக்க விட முடியாது. ஆய்வுகூடத்தில் கோட் போட்டு வேலை செய்யும் அதிகாரிகள், அமைச்சரும் ஜனாதிபதியும் அவசரப்பட்ட ஒரு பொருளுக்கு “இல்லை” என்றார்கள். நிறுவனம் முடிவை மறுத்தது, அந்தச் சேவையின் மூத்த அதிகாரி ஒருவரிடம் 80 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டும் கடிதம் அனுப்பியது. அவர்கள் பின்வாங்கவில்லை. நிறைவேற்றதிகாரத்துக்கான கடிவாளம் என்று பேசும்போது நாங்கள் பெரும்பாலும் நீதியரசர்களையும் எம்பிமாரையும் நினைக்கிறோம். சட்டம் தந்த கடமையை அறிவியல் முறையில் செய்த இந்த அதிகாரிகளை நான் அந்தப் பட்டியலில் முதலில் வைப்பேன்.

ஒக்டோபரில் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம், நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று மக்கள் வங்கிக்குத் தடையுத்தரவு போட்டது. சில நாட்களில், கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்கவில்லை என்று சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தது. வங்கி நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதற்கு ஓர் அரசு தண்டனை கொடுத்தது என்றே இதை வாசிக்க வேண்டியிருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் இந்திய விமானப்படை விமானங்கள் நனோ யூரியாத் திரவத்தை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவில் இறங்கின. மாத இறுதியில் அரசாங்கம் இறக்குமதித் தடையைப் பெரும்பாலும் நீக்கியது. டிசம்பரில் கப்பல் சரக்கை இறக்காமலே போனது. 2022 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை ஏறத்தாழ 70 இலட்சம் டொலரைக் கொடுத்துத் தீர்த்தது. அதே வாரத்தில் சீன வெளியுறவு அமைச்சர் கொழும்புக்கு வந்தார்.

வயலில் ஒரு பிடிகூடப் போடாத பசளைக்குக் கொடுத்த பணம் அது. டொலர் இல்லாமல் மருந்து வாங்கவே திண்டாடிய மாதம் அது.

பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ஜூலையில் இந்தியக் கடனில் 44,000 தொன் யூரியா வந்தது. ஒரு மூடை 10,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது, அதற்கு முன் கறுப்புச் சந்தையில் 40,000 ரூபா வரை கேட்டார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க உதவியில் டிஎஸ்பி என்ற பொஸ்பேற்றுப் பசளை வந்தது. அதற்கு முன், 2022 இலேயே, சீனா பாடசாலைப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு அரிசி அனுப்பியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 40,000 தொன் அரிசி தந்தது. தந்தவர்களுக்கு நன்றி சொல்லவே வேண்டும், பசித்த வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனால் நாட்டில் அதிகம் நெல் விளையும் அம்பாறைக்குள் வெளிநாட்டு அரிசி மூடை வந்து இறங்கியதை நினைக்கும்போது எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. உலகின் மூன்று பெரிய வல்லரசுகள் எங்கள் வரம்பில் வந்து நின்றன என்றால், அவர்களை வரவழைத்தது ஒரு வர்த்தமானி.

“என் பாராளுமன்றம் ஒத்துக்கொள்ளாது”

ஒருவர் கேட்கலாம்: சீனாவில் இந்தக் கடிவாளம் எதுவும் இல்லையே, அவர்கள் முன்னேறவில்லையா? நியாயமான கேள்வி. பெரிய சந்தையும் பெரிய கையிருப்பும் உள்ள நாடு, தவறான முடிவொன்றின் செலவைத் தாங்கும். மூன்று மாத இறக்குமதிக்கு டொலர் இல்லாத நாட்டால் தாங்க முடியாது. தவறு செய்ய வசதியில்லாதவனுக்குத்தான் முடிவெடுக்கும் முன் நாலு பேரிடம் கேட்கும் பழக்கம் கூடுதலாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பேரம் பேசும் மேசையில் கடிவாளம் பலவீனமல்ல, பலம். “எனக்குச் சம்மதம்தான், ஆனால் என் பாராளுமன்றம் ஒத்துக்கொள்ளாது, என் நாட்டுச் சுற்றாடல் சட்டம் விடாது, என் நீதிமன்றம் நிறுத்திவிடும்” என்று சொல்லக்கூடிய தலைவர் கூடுதல் சலுகை வாங்கிக்கொண்டு எழும்புவார். எல்லா முடிவும் தன் கையெழுத்தால் ஆகும் என்று காட்டிக்கொள்பவரிடம் மறுப்பதற்குக் காரணமே இருக்காது. வெளியாரும் அந்த ஒருவரையே சுற்றி வருவார்கள். ஆட்சி மாறும்போது முதல் ஆள் போட்ட ஒப்பந்தத்தை அடுத்த ஆள் கிழிப்பார், வேறொரு நாடு உள்ளே வரும். கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்கு 2019 இல் இந்தியாவோடும் ஜப்பானோடும் கையெழுத்தான இணக்கம் 2021 பெப்ரவரியில் கைவிடப்பட்டதை நினைத்துப் பாருங்கள்.

நெருக்கடிக்குப் பிறகு சில கடிவாளங்கள் வெளியிலிருந்தும் வந்தன. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தோடு 2023 இல் புதிய மத்திய வங்கிச் சட்டமும் 2024 இல் அரச நிதி முகாமைத்துவச் சட்டமும் வந்தன. மத்திய வங்கி பணம் அச்சிட்டு அரசாங்கத்துக்குக் கொடுப்பதை முதலாவது தடுக்கிறது. இவை தேவையானவைதான். ஆனால் கடன் கொடுத்தவர் கேட்பது கடன் திரும்பி வருமா என்பதை. போக ஆரம்பக் கூட்டத்தில் இருக்கும் விவசாயி கேட்பது வேறு. அவருக்காகக் கேட்க எங்கள் பாராளுமன்றமும் எங்கள் நீதிமன்றமும்தான் இருக்கின்றன.

கிழக்கில் இன்று

இந்த மண்ணில் ஒரு கடிவாளம் காணாமலே போயிருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் விவசாயம் உட்படப் பல விடயங்களில் மாகாண சபைக்கு அதிகாரம் தந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் நிர்வாகத்தை நடத்துகிறார். பசளைத் தடை வந்தபோது, இந்த மாகாணத்து விவசாயிகளின் பெயரால் எழுந்து நின்று எதிர்ப்புத் தீர்மானம் போட ஒரு சபைகூட இருக்கவில்லை.

இப்போது வெளிநாடுகளின் பார்வை கிழக்கில் கூடியிருக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் கொழும்பு வந்தபோது கையெழுத்தான புரிந்துணர்வு உடன்படிக்கைகளில் ஒன்று கிழக்கு மாகாணத்துக்கான பல்துறை நன்கொடை உதவி பற்றியது, இன்னொன்று பாதுகாப்பு ஒத்துழைப்பு பற்றியது. கிழக்குக்கு உதவி வருவதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட உடன்படிக்கைகள் கையெழுத்தாகும் முன் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற பொதுவான விதி எங்களிடம் இல்லை. நிறைவேற்றுத்துறையே பேசி, நிறைவேற்றுத்துறையே கையெழுத்திடலாம்.

வாகரையிலும் திருக்கோவிலிலும் இல்மனைட் மணல் அகழ்வுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியதும் இதே கதையின் பகுதி. இல்மனைட்டிலிருந்து தைத்தானியம் வருகிறது. பெயின்ட் முதல் விமானம் வரை அது தேவை. கனிமங்களுக்கான உலகப் போட்டி சூடாகும்போது எங்கள் கடற்கரை மணலுக்கும் விலை ஏறும். இங்கே முன்னால் பிடிக்கும் கடிவாளம் ஒன்று மக்கள் கையிலேயே இருக்கிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டம் என்றால், அந்த அறிக்கை 30 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். யாரும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். ஊர்வலத்தில் நூறு பேர் நடந்தால் அந்த நாட்களுக்குள் பத்துப் பேராவது எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் போக நேர்ந்தால் கையில் நிற்பது அந்தக் காகிதம்தான்.

வர்த்தமானியாலோ வேறு நிர்வாகச் செயலாலோ அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். சட்டமூலம் என்றால் முன்பு சொன்ன 14 நாட்கள். இரண்டுக்கும் நடைமுறையில் சட்டத்தரணி வேண்டும், செலவு உண்டு, கொழும்புக்குப் பயணம் உண்டு. அதனால்தான் பெரும்பாலானோர் போவதில்லை.

அதிகம் செலவில்லாத ஒன்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் 9 ஆவது பிரிவைப் பற்றி ஊரில் அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமோ ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமோ தொடங்க மூன்று மாதங்களுக்கு முன்பே அதைப் பற்றிய தகவலை மக்களுக்குத் தெரிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்கிறது அது. உங்கள் ஊரில் ஏதாவது வெளிநாட்டு உதவித் திட்டத்தின் பெயர்ப்பலகை நடப்பட்டால், பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பம் கொடுங்கள். உடன்படிக்கையின் பிரதி, நிதி நன்கொடையா கடனா, கடன் என்றால் வட்டி எவ்வளவு, சுற்றாடல் அங்கீகாரம் யார் கொடுத்தது, மூன்று மாத அறிவித்தல் எந்தத் திகதியில் எங்கே வெளியானது என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்த திகதி போட்ட பற்றுச்சீட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.